அஞ்சு பவுண்டுதானே வித்தியாசம் என்று நினைத்தேன்

2022 நவம்பரில் ஒரு வியாழக்கிழமை ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்தால், கதவடியில் கிடந்த பீட்சா நோட்டீசுகளுக்கு நடுவே போலீஸ் முத்திரையோடு ஒரு கவர். இங்கிலாந்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது, போலீசிடமிருந்து எனக்கு வந்த முதல் கடிதம் அதுதான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே பிரித்தேன். ரெடிங்கில் நான் தினமும் போகிற சாலை, வேக எல்லை மணிக்கு 30 மைல், என் வண்டி 36இல் போயிருக்கிறது. நம் கணக்கில் 58 கிலோமீட்டர். அவிநாசி ரோட்டில் 58இல் போனால் பின்னால் வருகிற டவுன் பஸ்காரர் ஹாரன் அடித்தே நம்மை ஓரங்கட்டிவிடுவார். கோயம்புத்தூரில் பதினைந்து வருஷம் வண்டி ஓட்டியவன் நான், ஒரு பைசா ஃபைன் கட்டியதில்லை. (கட்டும்படி யாரும் கேட்டதில்லை என்பதுதான் நிஜம்.)

மனைவியிடம் சொல்லவில்லை. கவரை லேப்டாப் பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு, சாப்பிடப் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு ஆரம்பித்த குழப்பம் 2024 வரை நீண்டு, லைசென்ஸே போகிற நிலைமைக்குக் கொண்டுவந்து விட்டது. நான் தனியாக முழித்ததுபோல் இன்னொருவர் முழிக்க வேண்டாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இதெல்லாம் இங்கிலாந்து, வேல்ஸ் நடைமுறை.

முதலில் வருகிற கடிதம் தண்டனைக் கடிதம் கிடையாது, அதைப் பார்த்ததும் காசு கட்ட ஓட வேண்டியதில்லை. 'இந்த நேரத்தில் இந்த வண்டியை ஓட்டியது யார்?' என்று மட்டும் கேட்கும். 28 நாளுக்குள் பதில் போட வேண்டும். போடாமல் விட்டால் அதுவே தனிக் குற்றம், அதற்கு 6 பாயிண்டும் (லைசென்ஸில் ஏறுகிற தண்டனைப் புள்ளிகள்) 1000 பவுண்டு வரை ஃபைனும் உண்டு. வேகமாக ஓட்டியதற்கு 3 பாயிண்ட், வாயைத் திறக்காததற்கு 6. இந்தக் கணக்கு எனக்கு அப்போது தெரியாது. பயத்தில் அன்றிரவே ஆன்லைனில் பதில் போட்டதால் தப்பித்தேன்.

நம் ஆட்களிடம் யோசனை கேட்டதுதான் அடுத்த வேடிக்கை. ஒருவர், "பதினாலு நாள் தாண்டி லெட்டர் வந்தா செல்லாது ப்ரோ, எண்ணிப் பாருங்க" என்றார். எண்ணினேன், ஒன்பதாம் நாளே வந்திருந்தது. அவர் சொன்னதிலும் பாதிதான் உண்மை. வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்கு முதல் கடிதம் 14 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும், அவ்வளவே. லீசுக்கு எடுத்த வண்டி, கம்பெனி வண்டி என்றால் முதல் கடிதம் அவர்களுக்குத்தான் போகும். அவர்கள் நம் பெயரைக் கொடுத்து, அதன் பிறகு நமக்கு வருகிற கடிதம் ஒரு மாதம் கழித்து வந்தாலும் செல்லும். பதினாலு நாள் பேச்சை நம்பிக் கடிதத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

இன்னொருவர், "வைஃப் பேர்ல போட்டு விட்டுருங்க, அவங்க லைசென்ஸ் சுத்தமாத்தானே இருக்கு" என்று டீ குடித்துக்கொண்டே சொன்னார். ஒரு நிமிஷம் சபலம் தட்டியதை மறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோதுதான் கிறிஸ் ஹூன் கதை தெரிந்தது. எரிசக்தி அமைச்சராக இருந்தவர். 2003இல் அவர் வாங்கியிருக்க வேண்டிய பாயிண்டை அன்றைய மனைவி விக்கி பிரைஸ் தன் பெயரில் வாங்கிக்கொண்டார். பத்து வருஷம் கழித்து, 2013 மார்ச்சில், இருவருக்கும் தலா எட்டு மாதம் சிறை. நீதியைத் திசைதிருப்பிய குற்றம். மூன்று பாயிண்டுக்காக!

பதில் போட்ட இரண்டு வாரத்தில் அடுத்த கடிதம் வந்தது. இதில்தான் நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். 95 பவுண்டு கட்டி வேக விழிப்புணர்வு கோர்ஸுக்குப் போகலாம், பாயிண்ட் கிடையாது. அல்லது 100 பவுண்டு ஃபைனும் 3 பாயிண்டும். இரண்டும் வேண்டாம், நான் குற்றம் செய்யவில்லை என்றால் கோர்ட். கோர்ட்டில் தோற்றால் ஃபைன் நம் வார வருமானத்தில் பாதியில் ஆரம்பித்து மேலே போகும், செலவுத்தொகை தனி. கேமரா படம் தெளிவாக இருக்கிறபோது அந்தப் பக்கம் போகிற வீரம் எனக்கு இல்லை.

மிச்சம் இரண்டு. 95, 100. நான் பார்த்தது அந்த அஞ்சு பவுண்டைத்தான். கோர்ஸ் என்றால் வார நாளில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். ஆபீசில் அப்போது ரிலீஸ் நேரம், அரை நாள் லீவு கேட்டால் மேனேஜர் காரணம் கேட்பார். என்ன சொல்வது? இன்னொன்றும் உண்டு. முப்பத்தெட்டு வயதில், வெள்ளைக்காரர்கள் பத்துப் பேர் நடுவே, திக்கித் திக்கி இங்கிலீஷ் பேசிக்கொண்டு, தப்பு செய்த பையனாட்டம் உட்கார வேண்டுமே என்கிற கூச்சம். அதுதான் பெரிய காரணம். ஆபீஸ் நண்பர் வேறு "மூணு பாயிண்ட்தானே, மூணு வருஷத்துல தானா போயிரும்" என்று தைரியம் கொடுத்தார். ஃபைனைக் கட்டினேன். நாலே நிமிஷத்தில் முடிந்தது. பெரிய புத்திசாலித்தனம் பண்ணிவிட்டதாக நினைத்து அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த 'மூணு வருஷம்' என்பதை விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் எல்லோரும் இதில்தான் வழுக்குகிறார்கள். குற்றம் நடந்த நாளிலிருந்து பாயிண்ட் 4 வருஷம் லைசென்ஸில் இருக்கும். அதில் முதல் 3 வருஷம்தான் கூட்டல் கணக்குக்கு வரும், அதற்குள் 12 சேர்ந்தால் பொதுவாகக் குறைந்தது ஆறு மாதம் வண்டி ஓட்டத் தடை. ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கேட்பது 5 வருஷத்துக் கணக்கை. என் லைசென்ஸில் ஏறியது 'எஸ்பி 30' என்கிற குறியீடு, பொதுச்சாலையில் வேக எல்லை மீறியதற்கு. 2026 நவம்பரில் அது லைசென்ஸிலிருந்து போய்விடும். இன்ஷூரன்ஸ்காரர் கேட்டால் 2027 நவம்பர் வரை நான் சொல்லியாக வேண்டும்.

2023 பிப்ரவரியில் ரெனியூவல் வந்தது. முந்தின வருஷம் 612 பவுண்டு கட்டியிருந்தேன். எஸ்பி 30ஐப் போட்டதும் வந்த தொகை 803. அந்த வருஷம் எல்லோருக்குமே பிரீமியம் ஏறியது, பழி முழுவதையும் பாயிண்ட் மேல் போட முடியாது. அதனால் விலை ஒப்பிடும் தளத்தில் அதே வண்டி, அதே முகவரி, பாயிண்ட் மட்டும் இல்லாமல் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன், 690. ஆக 113 பவுண்டு சுத்தமாக அந்த மூன்று பாயிண்டுக்கு. மறு வருஷம் இதே வித்தியாசம் 90 சொச்சம். இன்னும் முடியவில்லை. அஞ்சு பவுண்டு, மூன்று மணி நேரம் என்று நான் போட்ட கணக்கின் லட்சணம் இது. உங்களுக்குக் கடிதம் வந்திருந்தால், முடிவெடுக்கும் முன்பே விலையை இரண்டு விதமாகவும் பார்த்துவிடுங்கள், பத்து நிமிஷ வேலை. விலை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மறைத்து பாலிசி எடுத்துவிடாதீர்கள். விபத்து என்று வரும்போது கம்பெனி கை விரித்துவிடும்.

அந்த ரெனியூவல் காகிதத்தை அச்செடுத்து வைத்திருந்தபோதுதான் மனைவிக்கு விஷயம் தெரிந்தது. "மூணு மாசமா பையிலயே வச்சிருந்தீங்களா?" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது பாகம் 2024 தைப்பூசத்தன்று. ஜனவரி 25, வியாழக்கிழமை. ஊரிலிருந்து மாமனார், மாமியார் வந்திருந்தார்கள். லண்டன் ஹைகேட் முருகன் கோயிலுக்குப் போக அரை நாள் லீவு போட்டேன். கோர்ஸுக்குக் கேட்கக் கூசிய அதே அரை நாள். வடக்கு லண்டனில் பல சாலைகள் இப்போது 20 மைல். பின்சீட்டில் மாமியார் அர்ச்சனைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு "நடை சாத்திருவாங்களா மாப்ள?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். இறக்கமான ஒரு தெரு, நான் பிரேக்கில் கால் வைக்கவில்லை, அவ்வளவுதான். ஓரத்தில் மஞ்சள் பெட்டி, பளிச் என்று ஒரு வெளிச்சம். முருகனுக்கு முன்னால் நின்றும் என் மனசு ஸ்பீடோமீட்டரிலேயே இருந்தது.

கடிதத்துக்காகக் காத்திருந்தேன். ஒரு வாரம், இரண்டு வாரம், வரவில்லை. கேமராவில் பதிவாகவில்லை போல என்று சந்தோஷமாக மறந்தும் போனேன். டிசம்பரில்தான் வீடு மாறியிருந்தோம். பழைய வீட்டுக்காரர் பிப்ரவரி கடைசியில் கூப்பிட்டு, "உங்க தபால் கொஞ்சம் கிடக்கு" என்றார். பேங்க் கடிதம், பல் டாக்டர் கடிதம், அவற்றுக்கடியில் அந்தக் கவர். பதில் போட வேண்டிய 28 நாளில் 22 போய்விட்டது.

என் தப்பு என்னவென்றால், லைசென்ஸில் முகவரி மாற்றியிருந்தேன், அது போதும் என்று இருந்துவிட்டேன். வண்டியின் லாக் புக், அதாவது வி5சி, அது தனி. இரண்டையும் லைசென்ஸ், வண்டிப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவில் தனித்தனியாக மாற்ற வேண்டும், இரண்டுமே இலவசம். போலீஸ் கடிதம் போவது லாக் புக் முகவரிக்கு. நீங்கள் வீடு மாறியவராக இருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு அந்த வேலையை முடித்துவிட்டு வாருங்கள்.

20இல் 27. பதிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. இந்த நாட்டில் டெஸ்ட் பாஸ் செய்த முதல் இரண்டு வருஷத்துக்குள் 6 பாயிண்ட் சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து. 1995ஆம் வருஷத்துப் புது ஓட்டுநர் சட்டம். இந்திய லைசென்ஸை வைத்து இங்கே ஒரு வருஷம்தான் ஓட்டலாம், பிறகு டெஸ்ட் எழுதித்தான் ஆக வேண்டும். நான் இரண்டு தடவை தோற்று, 2022 மார்ச் 9ஆம் தேதி பாஸ் செய்தேன். ஊரில் பதினைந்து வருஷம் ஓட்டியதற்கு இந்தச் சட்டத்தின் கண்ணில் மதிப்பே இல்லை. அதன் கணக்கில் நான் பதினேழு வயதுப் பையன் மாதிரி, புது ஓட்டுநர். குற்றம் நடந்தது 2024 ஜனவரி 25. ஏழு வாரம் தள்ளி நடந்திருந்தால் இந்தச் சட்டம் என்னைத் தொடாது. தீர்ப்பு எப்போது வந்தாலும் குற்றம் நடந்த தேதிதான் கணக்கு.

ஏற்கனவே 3. இன்னொரு 3 ஏறினால் மறுபடியும் கற்றுக்கொள்பவருக்கான லைசென்ஸ், தியரி டெஸ்ட், ஓட்டுநர் டெஸ்ட், எல்லாம் முதலிலிருந்து. 34, 23, 62 என்று கட்டணம் மட்டும் 119 பவுண்டு. அது போகட்டும், டெஸ்ட் தேதி கிடைக்க மாதக்கணக்கில் காத்திருந்த அனுபவம் எனக்கு உண்டு. அந்தக் கடிதம் இன்னும் ஒரு வாரம் பழைய வீட்டில் கிடந்திருந்தால், பதில் போடாத குற்றத்துக்கே 6 ஏறி, முதல் மூன்றோடு 9 ஆகியிருக்கும். விசா பயம் வேறு சேர்ந்துகொண்டது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து படித்ததில் தெளிந்தது இதுதான். கொடுத்த கெடுவுக்குள் ஃபைனைக் கட்டி முடித்தால் அது கோர்ட் தண்டனை ஆகாது. கெடு தாண்டிக் கோர்ட்டுக்குப் போனால் கதை வேறு. காகிதம் தாமதமானால் பெரிய மனிதர்களும் தப்புவதில்லை. கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பாக இருந்த ஜஸ்டின் வெல்பி 2022இல் லண்டனில் 20இல் 25 போய் மாட்டினார். காசு கட்ட முயன்றும் நிர்வாகக் குளறுபடியில் கோர்ட் வரை போனதாக அவர் தரப்பு சொன்னது. கடைசியில் 3 பாயிண்டும் மொத்தம் 510 பவுண்டும்.

அடுத்த கடிதம் வர பதினோரு நாள். இடையில் வண்டியைத் தொடவே இல்லை, பஸ்ஸில் போய்வந்தேன். கோர்ஸ் கொடுப்பார்களா என்பதுதான் ஒரே கேள்வி. அது நம் உரிமை கிடையாது, போலீஸ் விருப்பப்பட்டால் கொடுப்பது. பொதுவான அளவு, எல்லையோடு அதில் பத்து சதவீதமும் 9 மைலும் கூட்டினால் வருவது. 20இல் 31 வரை, 30இல் 42 வரை, மோட்டார்வே 70இல் 86 வரை. அதைத் தாண்டினால் கோர்ஸ் பேச்சே இல்லை. அதோடு, கடந்த மூன்று வருஷத்தில் இதே கோர்ஸுக்குப் போயிருக்கக் கூடாது. நான் முதல் தடவை போகாததால் தகுதி மிச்சம் இருந்தது.

கோர்ஸ் கொடுத்திருந்தார்கள். அந்தக் காகிதத்தைப் பூஜை அலமாரியில் வைத்தேன், சிரிக்காதீர்கள்.

மாமனார் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். "அப்ப மொதத் தடவை பாயிண்ட் வாங்குனது நல்லதாப் போச்சுல்ல மாப்ள, கோர்ஸ் கையில இருந்துச்சே" என்றார். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அப்புறம் யோசித்தால் சரியில்லை. முதல் தடவையே கோர்ஸுக்குப் போயிருந்தால், தைப்பூசத்தன்று என் லைசென்ஸில் பூஜ்யம். அன்றைக்கு 3 ஏறினாலும் மொத்தம் 3தான், ரத்து என்ற பேச்சே வராது. நான் செய்த வழியில், முருகன் புண்ணியத்தில் 27ஆக இருந்ததால் தப்பித்தேன். 32ஆக இருந்திருந்தால் கோர்ஸ் இல்லை, லைசென்ஸும் இல்லை. கோர்ஸைச் சேமித்து வைக்கிறேன் என்று யாராவது சொன்னால், அடுத்த தடவையும் கொடுப்பார்கள் என்று யார் சொன்னது என்று கேளுங்கள். புது ஓட்டுநர் என்றால் இதில் யோசிக்கவே ஒன்றும் இல்லை.

கோர்ஸ் ஆன்லைன்தான். நாட்டில் எந்தப் பகுதி நடத்துவதையும் தேர்ந்தெடுக்கலாம், விலை கொஞ்சம் மாறும். நான் 88 பவுண்டுக்கு ஒரு சனிக்கிழமைக் காலை எடுத்தேன். ஆமாம், சனிக்கிழமையும் உண்டு, சாயங்காலமும் உண்டு. 2022இல் தளத்தைத் திறந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். லைசென்ஸ் அட்டையைக் கேமராவில் காட்டச் சொன்னார்கள். தனி அறை, கேமரா அணையக் கூடாது. ஒருவர் நிறுத்திவைத்த வேனுக்குள் உட்கார்ந்து சேர்ந்தார், பயிற்சியாளர் மரியாதையாக வெளியே அனுப்பிவிட்டார். அவர் மறுபடி பணம் கட்டி வேறு தேதி வாங்க வேண்டும். பரீட்சை கிடையாது, ஆனால் வாயைத் திறந்து பேச வேண்டும். நான் பயந்த இங்கிலீஷ்? ஒன்பது பேரில் மூன்று பேர் என்னைவிடத் திக்கினார்கள், ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர், அவர் பேசியது பயிற்சியாளருக்கே புரியவில்லை.

'சாலையில் எல்லைப் பலகையே இல்லை, தெருவிளக்கு மட்டும் வரிசையாக இருக்கிறது, என்ன வேகம்?' என்று கேட்டார். நாலு பேர் 40 என்றோம். 30. வேறு பலகை இல்லையென்றால் தெருவிளக்கே பலகை, 30க்கு நடுவில் ஞாபகப் பலகை வைக்க மாட்டார்கள். (வேல்ஸில் 2023 செப்டம்பரிலிருந்து அது 20.) ரெடிங்கில் நான் மாட்டிய சாலை அப்படியே இதுதான், இரண்டு வருஷம் தினமும் போயும் அங்கே 40 என்று என் மனசில் பதிந்திருந்தது. இன்னொரு கேள்வி: 30இல் வருகிற கார் ஒரு குழந்தையைப் பார்த்துப் பிரேக் போட்டு, மயிரிழையில் நின்றுவிடுகிறது. பக்கத்திலேயே 35இல் வந்த கார் அதே இடத்தில் பிரேக் போட்டால், குழந்தை நிற்கிற இடத்தில் அதன் வேகம் என்ன? நான் 5 என்று டைப் செய்தேன். விடை, குறைந்தது 18. நம்பாமல் அன்றைக்கு மத்தியானம் மாமனாரிடம் கணக்கைக் கொடுத்தேன். பாலிதீன் கவர் மேல் பேனாவால் 35ஐயும் 30ஐயும் வர்க்கமாக்கிக் கழித்து, வர்க்கமூலம் எடுத்துக் காட்டினார். 18தான்.

கோர்ஸுக்குப் போனதை டிவிஎல்ஏ லைசென்ஸில் பதிவதில்லை. இன்ஷூரன்ஸ்காரரிடம் நாமாகப் போய்ச் சொல்லவும் வேண்டாம். ஆனால் நேராகக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. அடுத்த ரெனியூவலில் ஒரே ஒரு கம்பெனி கேட்டது, ஆமாம் என்று போட்டேன், அந்த விலை கட்டுப்படியாகாமல் கேட்காத இன்னொன்றுக்குப் போனேன்.

ஸ்டீயரிங்கில் வேக வரம்பு வைக்கிற பட்டன் ஒன்று இருக்கிறது. வண்டி வாங்கி மூன்று வருஷம் அது எதற்கு என்று எனக்குத் தெரியாது. இப்போது 20 பலகை வந்ததும் கட்டைவிரல் தானாக அதில் போகிறது, ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக மிதிக்காதவரை வண்டி பொதுவாக 20ஐத் தாண்டாது. பின்னால் வருபவர்கள் விளக்கடிக்கிறார்கள், அடிக்கட்டும். இதே கோர்ஸ் மறுபடி கிடைக்க, முன்பு கோர்ஸுக்குப் போகவைத்த குற்றம் நடந்த தேதிக்கும் அடுத்த குற்றம் நடக்கும் தேதிக்கும் இடையே மூன்று வருஷம் இருக்க வேண்டும். அதனால் 2027 ஜனவரி 25 வரை எனக்கு இன்னொன்று கிடையாது.